களைத்துப்போன வெளிச்சம்

நிலாவெளியில் அது தேங்காயளவு இருந்தது. சாம்பல்தீவுக்கு வந்து சேர்ந்தபோது சுளகளவு ஆகிவிட்டது. கொழும்புப் பத்திரிகைக் கந்தோரிலிருந்து வந்த தொலைபேசியில் அது ஒரு பஸ்ஸின் அளவுக்கு வளர்ந்து நின்றது.

“பஸ் அளவு ஐசே. அடியில சிவப்பு வெளிச்சம். சல்லி ஊரில ஒரு மீன்பிடிகாரனைத் தூக்கிக்கொண்டு போயிட்டுது,” என்றார் செய்தி ஆசிரியர் இராசநாயகம். கொழும்பில் கதிரையை விட்டு எழும்பாமலே திருகோணமலைக் கடலைப் பார்க்கத் தெரிந்த மனிதர்.

“தூக்கினதை ஆர் கண்டது ஐயா?” என்று ஸெய்னுதீன் கேட்டான்.

“வெளிச்சத்தை ஊரே கண்டிருக்கு. ஆளையும் காணேல்ல. இடையில கிடக்கிறதை நீர் போய் நிரப்பும்.”

“ஆள் கடலுக்குப் போன ஆளோ?”

“மீன்பிடிகாரன் பிறகென்ன கந்தோருக்கே போவான்? நாளைக்கு முன்பக்கத்துக்கு வேணும். சுருக்கா எழுதும். சந்தேகத்தை எல்லாம் எழுதிச் சனத்தைக் குழப்பாதையும்.”

ஸெய்னுதீன் புடைவைக் கடைக்காரரிடம் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். எழுபத்தைந்தாம் ஆண்டு, ஆனி மாத வெயில். தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று திருகோணமலைக் கடைத்தெருப் புழுதியை அள்ளிக் கடல் பக்கம் கொண்டு போனது.

அவன் குறிஞ்சாக்கேணியில் பிறந்தவன். மீசை அரும்பும் முன்னமே துறைமுகத்துக்கு மா மூட்டை தூக்க வந்தவன். கப்பல் கிரேனில் தொங்கிய கட்டு அவிழ்ந்து இரண்டு மூட்டை முதுகில் விழும்வரை அதுதான் பிழைப்பு. அதற்குப் பிறகு பத்திரிகை விற்றான். விற்ற பத்திரிகைக்கே செய்தியும் அனுப்பத் தொடங்கினான். மூட்டையில் அச்சடித்திருக்கும் நிறையை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. தோளில் ஏறினால்தான் சொல்வான். செய்தியும் அவனுக்கு அப்படித்தான்.

அந்த வருடம் பறக்கும் தட்டுகளின் வருடம். எந்தப் பேப்பரைத் திறந்தாலும் எங்கோ ஒரு நாட்டில் ஒன்று பறந்தது. சித்திரையில் நிலாவெளிக் கரையில் தட்டு இறங்கிய இடம் என்று ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார்கள். காந்தத்தைப் பிடித்தால் மண் எழும்பி ஒட்டியது. ஸெய்னுதீன் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு புல்மோட்டைக்குப் பஸ் ஏறினான். அங்கே அதே கறுப்புக் கனிம மண்ணை மலைமலையாகக் குவித்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வந்து சொன்னான். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

ஆகவே நக்கலில் இறங்கினான். போன கிழமை நிலாவெளியில் பக்கீரின் தேத்தண்ணிக் கடையில், வழக்கம்போல் பேப்பரை விரித்துச் சனத்துக்கு வாசித்துக் காட்டும்போது, ஒரு துண்டுச் செய்தி வந்தது. “தட்டுகள் வெளிச்சத்தை நாடி வருகின்றன. வானில் விசித்திர ஒளி கண்டால் விளக்குகளை உடனே அணைத்துவிட்டு வீட்டினுள் இருக்கவும். வெளிநாட்டு நிபுணர் எச்சரிக்கை.” அதை வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். கடை சிரித்தது. சிரித்தவர்களைத்தான் அவன் பார்த்தான். வாசலில் மீன் பெட்டியோடு நின்றவர்களைப் பார்க்கவில்லை.

சாம்பல்தீவில் பஸ்ஸால் இறங்கிச் சல்லிக்கு நடந்தான். கரைக்கு வந்ததும் அவனுக்கு முதலில் உறுத்தியது தட்டு அல்ல, வள்ளங்கள். சோளகத்தில் இந்தக் கடல் குளம்போலக் கிடக்கும், உழைக்கிற காலம். இந்நேரம் கரை வெறுமையாக இருக்க வேண்டும். வள்ளங்கள் எல்லாம் மணலில் இழுத்து ஏற்றிக் கிடந்தன.

கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் பாக்கியரத்தினம் வலை பொத்திக்கொண்டிருந்தார். சல்லியில் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். காணாமல் போன யோகலிங்கம் அவருடைய தங்கையின் புருசன்.

“வாங்கோ நானா. பேப்பருக்கோ?” என்றார், ஊசியை நிறுத்தாமல்.

“ஓம் அண்ணை. என்ன நடந்தது?”

“அவன் முந்தநாள் மத்தியானம் தனியப் போனவன். மற்றவையைப் பாத்துக்கொண்டு நில்லடா எண்டு சொன்னன், கேக்கேல்ல. இருட்டினாப் பிறகு இந்த வெளிச்சம். அந்தா, அந்தக் கல்லுப் பாருக்கு இடக்கைப் பக்கம். தண்ணிக்கு மேலை, முட்டாமல். முப்பது வருசமாக் கடலில கிடக்கிறன், நானா. கப்பல் விளக்குத் தெரியும், பெற்றோமக்ஸ் தெரியும், நட்சத்திரம் தெரியும். இது ஒண்டுமில்லை.”

“எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?”

பாக்கியரத்தினம் கொஞ்சம் யோசித்தார். “எங்கை பாக்கிறது. கண்டவுடனை ஊருக்குச் சத்தம் வைச்சன். விளக்கெல்லாம் அணையுங்கோ எண்டு. உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டம்.”

“விளக்கை ஏன் அணைச்சனீங்கள்?”

ஊசி இப்போது நின்றது. “இதென்ன கதை? பக்கீர்ரை கடையில நீங்கள்தானே வாசிச்சனீங்கள், வெளிச்சத்துக்குத்தான் வரும் எண்டு. நான் வாசலில நிண்டனான்.”

“நான் நக்கலுக்கு வாசிச்சன், அண்ணை.”

“நக்கலெண்டு ஆர் கண்டது? பேப்பரைப் பாத்துத்தானே வாசிச்சீங்கள்.”

ஸெய்னுதீன் காலடி மணலைக் கொஞ்ச நேரம் கிண்டிவிட்டுக் கேட்டான். “தேடினனீங்களோ?”

“நேற்று விடியத் தேடினம், கரையோடை. ஒரு பலகைத்துண்டும் இல்லை. கடல் தின்றால் ஏதும் துப்பும். பிறகு பெடியள் ஏலாது எண்டிட்டாங்கள். ஆகாயத்தில போனவனைக் கடலில தேடி என்ன?”

“அந்த வெளிச்சத்தை நல்லாப் பாத்த ஆள் ஆரும் இருக்கோ?”

பாக்கியரத்தினம் நாடியால் கரைப்பக்கம் காட்டினார். அங்கே மீன்பிடிகாரர் தங்குகிற ஓலை வாடிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பம். உச்சியில் அரிக்கன் லாம்பு தொங்கியது. அந்த ஊரில் கடைசி வள்ளம் கரை சேரும்வரை அந்த லாம்பு எரிய வேண்டும். எந்த வீட்டு ஆள் பிந்துகிறானோ அந்த வீடுதான் அதைப் பார்த்துக்கொள்ளும். கம்பத்தின் கீழே புஸ்பராணி குந்தியிருந்தாள். யோகலிங்கத்தின் பெண்சாதி. பட்டப்பகலில் லாம்பு எரிந்துகொண்டிருந்தது.

“தங்கச்சி, நான் பேப்பர்காரன். நீங்கள் கண்டதைச் சொல்லுவீங்களோ?”

“எல்லாருக்கும் சொல்லியாச்சு, நானா. ஒருத்தர் வாலிருந்ததோ எண்டு கேட்டார். இன்னொருத்தர் உள்ளுக்கை ஆள் தெரிஞ்சதோ எண்டு கேட்டார்.”

“நான் அதொண்டும் கேக்கேல்ல. அது ஆடினது எண்டு சொல்லுறாங்கள். எப்பிடி ஆடினது? வாயால வேண்டாம். கையால காட்டுங்கோ.”

அவள் அவனை ஒரு முறை பார்த்துவிட்டு எழும்பினாள். வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி, இடப்பக்கம் முழுக்கச் சாய்த்து, திரும்ப வலப்பக்கம் முழுக்கச் சாய்த்தாள். “முதல் இப்பிடி. பெரிசா. பிறகு இவ்வளவு.” கை கொஞ்சம் சுருங்கியது. “பிறகு இவ்வளவு.” இன்னும் சுருங்கியது. “கடைசியில ஆட்டமில்லை. சும்மா நிண்டு நடுங்கினது. அப்பிடியே கீழ விழுந்திட்டுது.”

“பிறகு வரேல்லையோ?”

“வந்தது. கனநேரத்துக்குப் பிறகு. அப்பவும் ஓலை நீக்கலாலைதான் பாத்தன். ரண்டாந்தரம் சின்னதாத்தான் ஆடினது. கெதியா விழுந்திட்டுது.”

ஸெய்னுதீன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கையை இறக்கிய பிறகும் அது அவன் கண்ணுக்குள் ஆடியது. அவனுடைய முதுகு அதை முதலில் கண்டுபிடித்தது; மூளைக்குப் பிறகுதான் போயிற்று. இரா வேலையில் கப்பலின் மேல்தளத்தில் ஒருவன் நின்று, கீழே மூட்டை கட்டுகிறவர்களுக்கும் மேலே கிரேன் இழுக்கிறவனுக்கும் நடுவில் விளக்கை ஆட்டிக் காட்டுவான். முன்னிரவில் அவனுடைய விளக்கு பெரிய வளைவாக ஆடும். நேரம் போகப் போக வளைவு சுருங்கும். விடியப்புறத்தில் விளக்கு நின்ற இடத்தில் நின்று நடுங்கும். கீழே நின்ற ஸெய்னுதீனுக்கு மேலே நிற்பவனின் முகம் தெரியாது. அந்த ஆட்டத்தைப் பார்த்தே அவன் எவ்வளவு களைத்துவிட்டான் என்று தெரியும். இயந்திரம் விடியும்வரை ஒரே அளவில்தான் ஆடும். மனிதன்தான் சுருங்குவான். வேறு கிரகத்திலிருந்து வந்த தட்டுக்குக் கை உளையாது.

இந்தச் சனம் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னது. காணாததைப் பேப்பர் சேர்த்துவிட்டது.

அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, மெல்லக் கேட்டான். “அண்டைக்கு இந்த லாம்பு எரிஞ்சதோ?”

“எரிஞ்சது. வெளிச்சம் வந்தவுடனை அண்ணை சத்தம் போட்டார். நான் இறக்கி ஊதி அணைச்சுப்போட்டு ஓடினனான்.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “அதுக்காண்டித்தான் இப்ப பகலிலையும் எரியவிட்டிருக்கிறன். எண்ணெய் வீண் எண்டு பேசுறாங்கள்.”

ஸெய்னுதீன் திரும்பி வள்ளத்தடிக்கு வந்து, பாக்கியரத்தினத்துக்கு முன்னால் மணலில் குந்தினான். முதுகு கொதித்தது.

“அண்ணை, தட்டை விடுங்கோ. கடல் விசயம் ஒண்டு கேக்கிறன். எஞ்சின் நிண்டுபோய் ஒருத்தன் இருட்டில தனியக் கிடந்தால் என்ன செய்வான்?”

“என்ன செய்யிறது. உடுத்திருக்கிற சாரத்தைக் கழட்டித் துடுப்பில சுத்தி, எஞ்சின் மண்ணெண்ணெயில தோய்ச்சுக் கொளுத்திக் காட்ட வேண்டியதுதான். நான் கண்டு கனகாலம். இப்ப ரண்டு மூண்டு வள்ளமாத்தானே போறம்.”

“கரையில நிக்கிறவை அதைக் கண்டால்?”

“லாம்பை இறக்கி மறைப்பம். மறைச்சால், கண்டிட்டம் எண்டு அர்த்தம். நீ துடுப்புப் போட்டு அலையாதை, நிண்ட இடத்திலை நில், வாறம் எண்டு…”

ஊசி மடியில் விழுந்தது. அவர் ஸெய்னுதீனைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

“அந்த வெளிச்சத்துக்குக் கை உளைஞ்சிருக்கு, அண்ணை,” என்றான் ஸெய்னுதீன். “தங்கச்சி கையால காட்டினவ. வரவரச் சுருங்கியிருக்கு. அது ஆள்.”

“உமக்கென்ன விசரோ?” பாக்கியரத்தினம் எழும்பினார். மரியாதை போய்விட்டது. “வாசிச்சதும் நீர், இப்ப இல்லையெண்டுறதும் நீரோ? ஊரே கண்டது. ஊரே விசரோ?”

“ஊர் கண்டது சரி. நிலாவெளியிலையும் கண்டிருக்கிறாங்கள். நேற்றுப் பேப்பர் கொண்டுபோன நேரம், புறாமலைத் தீவுக்கு வலக்கைப் பக்கம் எண்டு சொன்னவங்கள். நீங்கள் பாருக்கு இடக்கைப் பக்கம் எண்டுறீங்கள்.” ஸெய்னுதீன் விரலால் மணலில் இரண்டு கோடு இழுத்தான். கோடுகள் வெட்டிக்கொண்டன. “ஆகாயத்தில இல்லை, அண்ணை. இந்தா, இதில நிண்டிருக்கு. மூண்டு மைலும் வராது.”

பாக்கியரத்தினம் அந்தக் கோடுகளைக் கனநேரம் பார்த்தார். குரல் இறங்கியது. “நானா, தட்டெண்டால் ஒருத்தரிலையும் பிழையில்லை. நீங்கள் சொல்லுறது சரியெண்டால் நாங்கள் என்ன ஆக்கள்? கதவைச் சாத்திப்போட்டுப் படுத்த ஆக்களெல்லோ.”

“அதைப் பிறகு பாப்பம். லாம்பு மறைஞ்சதைக் கண்டவன் என்ன செய்திருப்பான்?”

“நிண்டிருப்பான். வருவினம் எண்டு நம்பி நிண்டிருப்பான்.” அவர் கோடுகள் வெட்டிய இடத்தில் குதிக்காலை வைத்தார். “ராவில காத்தில்லை. விடியச் சோளகம் எழும்பியிருக்கும். அந்த நேரம் அவனுக்குத் துடுப்புப் போடச் சீவன் இருந்திராது. நாங்கள் கரையோடை தேடினம்.” குதிக்கால் மணலில் வடகிழக்காக நீளமாக இழுபட்டது. “அவன் புல்மோட்டைக்கு நேரை, வெளிக்கடலிலை எல்லோ.”

அதற்குப் பிறகு அவர் ஸெய்னுதீனோடு கதைக்கவில்லை. வாடிகளுக்குள் புகுந்து பெடியளின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தூசணத்தால் எழுப்பினார். ஒருவன் தட்டைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான். “தட்டு வந்தால் நான் ஏறுறன், நீ எஞ்சினைப் பிடி,” என்றார். மூன்று வள்ளங்களும் தண்ணீருக்குள் தள்ளப்பட்டன. ஸெய்னுதீனும் தள்ளக் கை வைத்தான். “முதுகு முறிஞ்ச மனிசன், விலத்தி நில்லுங்கோ,” என்று ஒருவன் அவனைத் தோளில் பிடித்து ஒதுக்கினான்.

அன்று பின்னேரம் அவன் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. முன்பக்கம் என்ன ஆனதென்று அவனுக்குத் தெரியாது. வாடியிலேயே கிடந்தான். புஸ்பராணி கம்பத்தடியை விட்டு அசையவில்லை. அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் மணலில் இழுத்த கோட்டை அவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தபோது வடக்கே வள்ளங்கள் தெரிந்தன. போனது மூன்று. வந்தது நாலு, நாலாவதைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள்.

யோகலிங்கத்தை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இடுப்பில் ஒரு சாக்கு. உதடு வெடித்து உப்புப் பூத்துக் கிடந்தது. வாடி நிழலில் கிடத்தி, புஸ்பராணி மடியில் தலையை வைத்துக் கஞ்சித் தண்ணியைக் கரண்டியால் பருக்கினாள். ஊர் சுற்றி நின்றது. அவன் பாதி குடித்தான், பாதி வழியவிட்டான். பிறகு கண்ணால் பாக்கியரத்தினத்தைத் தேடிப் பிடித்தான்.

“மச்சான், லாம்பை இறக்கினனீங்கள்தானே. நான் கண்டனான்.” ஒவ்வொரு சொல்லும் உரசிக்கொண்டு வந்தது. “கண்டாப்போலதான் துடுப்புப் போடாமல் நிண்டு, இடம் தெரிய நெருப்பை மட்டும் ஆட்டினனான். பிறகேன் ஒருத்தரும் வரேல்ல?”

பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார். “அது மச்சான்… அண்டைக்கு வானத்திலை…” என்றுவிட்டு நிறுத்தினார்.

“தட்டு வந்தது, அண்ணை,” என்று பின்னால் ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

“என்ன தட்டு?” என்றான் யோகலிங்கம்.

ஸெய்னுதீன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். தட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டு வந்தவனுக்கு, இந்த ஒன்று மட்டும் உண்மையாக இருந்தால் நல்லது என்று பட்டது. ஒரு சொல் போதும். பேப்பர்காரன் சொன்னால் நம்புவார்கள், கொழும்பும் சந்தோசப்படும். இந்தப் பெண் தன் வாழ்நாளெல்லாம் சுமக்கப்போகிற ஒன்று அவள் தோளில் ஏறாமலே போய்விடும்.

புஸ்பராணி கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

“இறக்கி மறைக்கேல்ல,” என்றாள். “அணைச்சது. உங்கடை நெருப்பைக் கண்டு பயந்து நான்தான் ஊதி அணைச்சனான். பிறகு கதவைச் சாத்தினனான்.”

யோகலிங்கம் மடியில் கிடந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“என்ரை நெருப்பைக் கண்டோ?”

“ஓம்.”

“நீலக் கோடு போட்ட சாரம்,” என்றான். “கலியாணத்துக்கு எடுத்தது.” கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, மூடியபடியே கேட்டான். “நல்லா எரிஞ்சதோ?”

“நல்லா எரிஞ்சது,” என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பாக்கியரத்தினம் கூட்டத்தைக் கலைத்து விரட்டினார்.

ஸெய்னுதீன் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினான். “தட்டில்லாமல் இதென்ன செய்தி?” என்றார் இராசநாயகம். “காணாமல் போனவர் கிடைத்தார், அவ்வளவுதானே.” உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே நாலு வரி வந்தது. விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமை பேப்பர் கட்டோடு அவன் பக்கீரின் கடைக்குப் போனபோது கதை அவனுக்கு முன்னமே வந்து குந்தியிருந்தது.

“காக்கா, சல்லியானைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்களாமே,” என்றான் பக்கீர், தேத்தண்ணியை இழுத்து ஆற்றியபடி. “ஆராய்ச்சிக்கெண்டு சாரத்தை மட்டும் கழட்டி எடுத்துப்போட்டாங்களாம். அவனுக்கு ஒண்டும் ஞாபகமில்லையாம்.”

கடை சிரித்தது. ஸெய்னுதீனின் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்துவிட்டது. அங்கேயும் உடுதுணிக்குப் பங்கீட்டுக் கூப்பன்தானாம், அதுதான் எடுத்திருக்கிறாங்கள் என்று சொன்னால் கடை உருண்டு விழுந்து சிரிக்கும். சொல்ல வாயெடுத்தவன் வாசலைப் பார்த்தான். சைக்கிளில் மீன் பெட்டி கட்டிய ஒருவன், ஒரு கால் நிலத்தில் ஊன்றி, உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கவில்லை.

ஸெய்னுதீன் பேப்பரை விரிக்காமல் மேசையில் வைத்தான்.

“ஒருத்தரும் எடுக்கேல்ல,” என்றான். “எஞ்சின் நிண்டுபோச்சு. சாரத்தை அவனேதான் கழட்டினான். துடுப்பில சுத்தி மண்ணெண்ணெயில தோய்ச்சுக் கொளுத்தினான்.”

“காக்கா இண்டைக்குச் சுதியில்லை,” என்றான் ஒருவன்.

“கேளுங்கோ. அந்த நெருப்பைத்தான் நீங்களும் கண்டனீங்கள், புறாமலைக்கு வலக்கைப் பக்கம். தேங்காயளவு எண்டு சொன்னதும் நீங்கள்தான். அது அவன்ரை கை. இப்பிடி ஆடினது.”

அவன் எழும்பி வலது கையைத் தலைக்கு மேல் நீட்டினான். முதுகு நொந்தது. இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்க. பிறகு கொஞ்சம் குறைய. பிறகு இன்னும் குறைய. பக்கீரின் கையில் தேத்தண்ணி பாதியில் நின்றது. வாசலில் நின்றவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.